அந்த ஸ்க்ரூவைத் திருகுவதற்கு முன்

பழைய மாருதி 800 எதற்கு முரண்டு பிடித்தாலும் பழி முதலில் விழுவது கார்புரேட்டர் மேல்தான். பல சமயம் அது செய்யாத குற்றம். பிளக் தேய்ந்திருக்கும், ஏர் ஃபில்டர் அடைத்திருக்கும், டைமிங் தப்பியிருக்கும். இவற்றைச் சரிபார்க்காமல் கார்புரேட்டரில் ஸ்க்ரூ டிரைவரை வைப்பது வீண்வேலை.

1 கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். இந்தக் கணக்கை மின்சாரமோ கம்ப்யூட்டரோ இல்லாமல் கார்புரேட்டர் போடுகிறது. எஞ்சின் உறிஞ்சும் காற்று, நடுவில் ஒடுங்கிய குழாய் வழியே போகிறது. ஒடுக்கத்தில் வேகம் கூடுகிறது, அழுத்தம் குறைகிறது. பக்கத்துக் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல், ஜெட் என்னும் பித்தளைத் துளை வழியே அங்கே இழுபட்டுச் சிதறுகிறது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் பந்து வால்வைப் போல, கிண்ணத்தின் மட்டத்தை ஒரு மிதவை காக்கிறது.

வண்டி நின்றபடி ஓடும்போது, அதாவது ஐடிலிங்கில், கதை வேறு. த்ராட்டில் தகடு ஏறக்குறைய மூடியிருப்பதால் ஒடுக்கத்தில் இழுப்பே இராது. அப்போது எஞ்சினுக்குச் சோறு போடுவது தகட்டுக்குக் கீழே உள்ள ஒரு சின்னத் துளை. கலவையைச் சரிசெய்யும் மிக்ஸ்சர் ஸ்க்ரூ ஆள்வது அந்தத் துளையை மட்டும்தான். மைலேஜ் கூடும் என்று அதை இறுக்குபவர்களுக்கு இது தெரிவதில்லை. நெடுஞ்சாலையில் ஓடும் பெட்ரோலை முடிவு செய்வது மெயின் ஜெட். ஸ்க்ரூவை இறுக்கினால் சிக்னலில் வண்டி அணையும், அவ்வளவே.

சரியாக வைக்க எஞ்சின் நன்கு சூடாகியிருக்க வேண்டும், சோக் முழுதாகத் திறந்திருக்க வேண்டும், ஏர் ஃபில்டர் மாட்டியிருக்க வேண்டும். ஸ்க்ரூவைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருகி, சற்றுப் பொறுத்து, சத்தத்தைக் கேளுங்கள். உள்ளே போகப் போக எஞ்சின் தடுமாறும். வெளியே வரவர வேகம் கூடி, பிறகு மந்தமாகும். இடையில் வேகம் உச்சத்தில் நிற்கும் இடம்தான் வேண்டியது. அங்கே விட்டுவிட்டு, வேகத்துக்கான இன்னொரு ஸ்க்ரூவால் ஐடிலிங்கைக் குறைக்கலாம். முட்டும்வரை முறுக்கினால் ஊசிமுனையில் பள்ளம் விழும். அதற்குப்பின் எந்த டியூனிங்கும் நிற்காது.

எவ்வளவு திருகியும் மாற்றமில்லையா? ஐடில் ஜெட் அடைத்திருக்கலாம், அல்லது கேஸ்கட் வழியே காற்று கசியலாம். சோலினாய்டு உள்ள கார்புரேட்டரில் சாவியைத் திருப்பியதும் ‘டக்’ என்று கேட்காவிட்டால் முதலில் அதன் வயரைப் பாருங்கள். கரும்புகையும் பெட்ரோல் வாடையும் வந்தால் மிதவையின் நீடில் வால்வு சரியாக மூடாமல் இருக்கலாம். ஆக்சிலேட்டரை மிதித்ததும் ஒரு கணம் திணறினால் ஆக்சிலேட்டர் பம்பின் டயாஃப்ரம் பழுதாகியிருக்கலாம்.

அடைத்த ஜெட்டைக் கம்பியால் குத்தும் பழக்கம்தான் பெரிய நாசம். 1 மில்லிமீட்டர் துளை 1.1 ஆனால் பரப்பு 21 சதவீதம் கூடிவிடும். கிளீனர் அடித்துக் காற்றால் ஊதினால் போதும்.

கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் உள்ள ஊட்டியில் காற்று லேசு. சமவெளியில் ஒழுங்காக ஓடிய வண்டிக்கு அங்கே பெட்ரோல் மிகுந்து இழுவை குறையும். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கோ விளைவு தலைகீழ்: எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் கலவை மெலிந்துபோகும். மலைக்கு டியூன் செய்தால் இறங்கியதும் மறுபடி திருக வேண்டியிருக்கும்; இரண்டு நாள் சுற்றுலாவுக்கு அது தேவையில்லை.