கணினி முகத்திற்குத் தோல் எப்படி வந்தது?

ரஜினிகாந்த் நடித்து 2014ஆம் ஆண்டு வெளிவந்த ‘கோச்சடையான்’ படத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். அசைவுகள் மனிதர்களுடையவை, முகங்களோ கணினியில் உருவானவை. உருவம் அச்சு அசலாக இருந்தும், சில காட்சிகளில் அது மெழுகுப் பொம்மைபோல் எனக்குத் தோன்றியது. ஏன்?

விடை தோலில் இருக்கிறது. இருட்டறையில் கைபேசி விளக்கின்மேல் விரல்நுனியை அழுத்திப் பாருங்கள். விரல் சிவப்பாக ஒளிரும்! ஒளி தோலின்மேல் பட்டுத் தெறிப்பதோடு நிற்பதில்லை. ஒரு பகுதி உள்ளே புகுந்து, சிதறி, சற்றுத் தள்ளி வேறோர் இடத்தில் வெளியேறுகிறது. புக்கிட் பாஞ்சாங் எல்ஆர்டி ரயிலில் செல்வோர் இதற்கு ஓர் உவமையை அறிவார்கள். வீவக புளோக்குகளை நெருங்கும்போது சன்னல் கண்ணாடி தானாகவே மங்கிவிடும். அப்போதும் வெளிச்சம் உள்ளே வருகிறது; ஆனால் சிதறி வருவதால் விளிம்புகள் மென்மையாகின்றன. தோலும் முகத்தின் நிழல்களை இப்படித்தான் மென்மையாக்குகிறது.

இந்தச் சிதறலைக் கணினி விரைவாகக் கணக்கிடும் வழியை ஹென்ரிக் வான் ஜென்சன், ஸ்டீவ் மார்ஷ்னர், மார்க் லெவோய், பாட் ஹன்ரஹான் ஆகியோர் 2001இல் வெளியிட்டனர். இவர்களுள் மூவருக்கு 2004இல் ஆஸ்கர் தொழில்நுட்ப விருதும் கிடைத்தது. 2002இல் வந்த ‘த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ இரண்டாம் பாகத்தில் கோல்லம் பாத்திரத்தின் தோல் உயிருள்ளதாகத் தோன்ற இத்தகைய உத்தி உதவியது.

ஆனால் எல்லாத் தோலும் ஒன்றல்ல. கருமை நிறத் தோலில் மெலனின் அதிகம். உள்ளே புகும் ஒளியில் பெரும்பகுதியை அது விழுங்கிவிடுகிறது. ஆகவே மேற்பரப்பில் தெறிக்கும் பளபளப்புதான் அங்கே முகத்தின் வடிவை அதிகம் காட்டுகிறது. நுண்துளைகள், மெல்லிய வரிகள், எண்ணெய்ப்பசை எல்லாம் அந்தப் பளபளப்பில்தான் தெரிகின்றன. வெளிர்நிற முகத்துக்கு அமைத்த அளவுகளை அப்படியே வைத்துக்கொண்டு நிறத்தை மட்டும் மாற்றினால், கிடைப்பது சாயம் பூசிய களிமண் முகமே. யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் தியடோர் கிம் 2020இல் இதைப் பற்றி எழுதினார். வெளிர்நிறத் தோலின் ஒளிர்வையே ‘மனிதத் தோல்’ என்று இத்துறை கருதிவந்ததை அவர் கண்டித்தார்.

இது வெறும் தொழில்நுட்பச் சிக்கல் அன்று. நம் முகங்கள் திரையில் உயிரோடு தெரியுமா என்பதே கேள்வி. கணினித்துறை பயிலும் நண்பர்களே, அடுத்த முறை ஒரு முகத்தை உருவாக்கும்போது மென்பொருள் தரும் மாதிரித் தோலோடு நின்றுவிடாதீர்கள். உங்கள் தாத்தாவின் நெற்றியில் வெயில் படும்போது ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். கணக்கிட வேண்டியவை அங்கே நிறைய இருக்கின்றன.