விமானத்தின் வண்ணம் சொல்லும் வரலாறு

கணினித் திரையில் விமானம் ஓட்டும் விளையாட்டுகள் இளையோரிடையே புகழ்பெற்றவை. அவற்றுள் இரண்டாம் உலகப் போரின் வான்சண்டைகளைச் சித்திரிப்பவை தனி வகையாகும். 2001ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஐஎல்-2 ஸ்டர்மோவிக்’ அவ்வகையைச் சேர்ந்தது. இவ்விளையாட்டுகளில் விமானத்தின் உருவத்தின்மேல் போர்த்தப்படும் வண்ணப்படத்தை ‘ஸ்கின்’, அதாவது ‘தோல்’ என்பர். உருவம் ஒன்றாக இருந்தாலும் தோலை மாற்றியவுடன் அது வேறோர் அணியின் விமானமாகிவிடும். ஆகவே, வரலாற்று ஆர்வலர்கள் பலர் தாங்கள் விரும்பும் அணிகளின் தோல்களைத் தாமே வரைகின்றனர்.

தோல் வரைதல் தையற்கலையை ஒத்தது. சட்டையின் கை, கழுத்து, முதுகு ஆகியவற்றைத் துணியில் தனித்தனியே வரைந்து வெட்டுவதுபோல, விமானத்தின் இறக்கை, உடற்பகுதி, வால் ஆகியவை ஒரு சதுரப் படத்தில் தட்டையாக விரித்து வைக்கப்படுகின்றன. ஐஎல்-2 விளையாட்டில் அப்படத்தின் அளவு 1024 × 1024 புள்ளிகள். முதலில் அடிப்படை வண்ணமும், பின்னர் தகடுகளின் இணைப்புக் கோடுகளும், அதன்மேல் நாட்டுச் சின்னமும் அணியின் எழுத்துகளும் இடப்படுகின்றன. வெயிலில் வெளுத்த நிறமும் புகைக்கறையும் இறுதியில் சேர்க்கப்படுகின்றன. கணினித் திறன் உடைய எவரும் இவற்றைப் பழகிக்கொள்ளலாம். எந்த வண்ணம், எந்த எழுத்து, எந்த நாள் என்பதை உறுதிசெய்வதே கடினமான பணியாகும்.

பேராக் மாநிலத்தின் ஈப்போ விமானத்தளம் இதற்கு நல்ல சான்று. ஆஸ்திரேலிய வான்படையின் 453ஆம் அணி 1941ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் சிங்கப்பூர் வந்தடைந்தது. அது ‘புருஸ்டர் பஃபலோ’ என்னும் அமெரிக்கத் தயாரிப்புப் போர் விமானங்களைப் பயன்படுத்தியது. டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் தரையிறங்கியது. டிசம்பர் 13ஆம் நாள் 453ஆம் அணி வடக்கே அனுப்பப்பட்டு ஈப்போவிலிருந்து செயல்பட்டது. விமானங்களை இழந்த அவ்வணி ஏறத்தாழ ஒரு வாரத்திற்குள் கோலாலம்பூருக்குப் பின்வாங்கியது. அம்மாத இறுதியில் ஈப்போ ஜப்பானியர் வசமாயிற்று.

அந்த ஒரு வாரத்தைத் தோலாக வரைய முனைபவர் பல ஐயங்களைத் தீர்க்க வேண்டும். பஃபலோவின் மேற்புறத்தில் கரும்பழுப்பும் கரும்பச்சையும் கலந்த உருமறைப்பு வண்ணம் இருந்தது. உடற்பகுதியில் 453ஆம் அணிக்குரிய ‘டி.டி.’ என்னும் எழுத்துகள் இருந்தன. ஆனால், இங்கிலாந்தில் மீண்டும் அமைக்கப்பட்டபோது அதே அணி ‘எஃப்.யு.’ என்னும் எழுத்துகளைத் தாங்கியது. மேலும், மலாயாவில் ஏற்பட்ட இழப்புகளால் 453ஆம் அணியும் 21ஆம் அணியும் சிறிது காலம் இணைக்கப்பட்டன. எனவே, எழுத்துகளை மட்டும் கொண்டு விமானத்தை ஓட்டியவர் எந்த அணியினர் என முடிவு செய்ய இயலாது. நாளையும் அறிய வேண்டும்.

வட்டச் சின்னத்திலும் இதே நிலைதான். 1941இல் அதன் நடுவே சிவப்பு இருந்தது. ஜப்பானியரின் சின்னமும் சிவப்பு வட்டமே. தம் விமானத்தையே பகைவருடையது எனக் கருதிச் சுட்டுவிடும் ஆபத்து இருந்ததால், ஆஸ்திரேலியர் பின்னாளில் நடுச்சிவப்பை நீக்கினர். ஆகவே, சிவப்பில்லாத சின்னத்துடன் ஈப்போ விமானத்தை வரைந்தால் அது பிழையாகும்.

நிழற்படம் இருந்தால் ஐயமே எழாது என எண்ணிவிடலாகாது. அக்காலத்துக் கறுப்பு வெள்ளைப் படச்சுருள்களில் ஒருவகை, சிவப்பையும் மஞ்சளையும் இருண்டதாகவும் நீலத்தை வெளிறியதாகவும் காட்டும். விமானிகளின் நினைவுக் குறிப்புகளும் பிழைபடலாம். தங்களைத் தாக்கியவை ‘ஸீரோ’ விமானங்கள் என நேச நாட்டு விமானிகள் பலர் கருதினர். அவற்றுள் பெரும்பாலானவை ஜப்பானியத் தரைப்படைக்குரிய ‘ஹயபூசா’ போன்ற விமானங்களே. ‘கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்னும் முதுமொழி இங்கு முற்றிலும் பொருந்துகிறது. நிழற்படம், அணியின் நாட்குறிப்பு, விமானத்தின் வரிசை எண் ஆகிய மூன்றும் ஒத்துப்போகும்போதே தோல் நம்பத்தக்கதாகிறது.

இவ்வளவு கவனம் ஒரு விளையாட்டுக்குத் தேவையா என்னும் வினா எழலாம். ஒவ்வொரு வரிசை எண்ணுக்குப் பின்னும் ஒரு மனிதர் இருந்தார். அவர்களுள் சிலர் திரும்பி வரவில்லை. எண்ணை மாற்றி வரைந்தால் ஒருவரின் கடைசிப் பயணம் வேறொருவருடையதாகிவிடும். அழகாக வரையப்பட்ட பிழை, உண்மையைக் காட்டிலும் விரைவாகப் பரவும்.

அவ்விமானங்களுக்குக் கீழே இருந்த நிலத்தையும் விளையாட்டு காட்ட வேண்டும். திரையில் அது பெரும்பாலும் வெறும் பச்சைப் பரப்பாகவே தெரிகிறது. அப்பச்சையில் பேராக்கின் ரப்பர் தோட்டங்களும், அங்குப் பால்மரம் சீவிய தமிழ்த் தொழிலாளர்களின் குடியிருப்புகளும் இருந்தன. பின்னர், தோட்டத் தமிழர் பல்லாயிரவர் சயாம் மரண இரயில் பாதை அமைக்கக் கொண்டு செல்லப்பட்டனர். விமானங்களுக்கு வரிசை எண்ணும் நிழற்படமும் உண்டு. அத்தொழிலாளர்களுள் பலருக்கோ பெயர்ப்பட்டியல்கூட இல்லை. அவர்களைப் பற்றி எஞ்சியிருப்பவை குடும்பங்களில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்திகளே.

தோட்டங்கள் பல இன்று செம்பனைக் காடுகளாகவும் குடியிருப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. விமானத்தின் ஓர் எழுத்தை உறுதிப்படுத்த ஆர்வலர்கள் காட்டும் அதே பொறுமையுடன் மூத்தோரின் நினைவுகளையும் நாள், இடம், பெயர் ஆகியவற்றோடு பதிவுசெய்து ஒப்புநோக்க வேண்டும். அப்போதுதான் அந்த வானத்தின் வரலாற்றோடு, அதன்கீழ் வாழ்ந்தவர்களின் வரலாறும் நிலைபெறும்.