பனிநாட்டுச் சைவ அடுப்பு – 7: மஞ்சள் பட்டாணி சூப்

மாமிசம் உண்ணாத தமிழர் மாண்ட்ரியாலில் குடியேறினால் ஆகாரத்துக்குத் திண்டாட வேண்டியிருக்கும் என்ற பயம் இன்று அநாவசியமானது. பார்க் எக்ஸ்டென்ஷன் வட்டாரக் கடைகளில் துவரம் பருப்பும் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் கடும் பனிக்காலத்திலும் கிடைக்கின்றன. ஆனால் அந்தச் சௌகரியமே நம்மவரில் பலரை, அநேக வருஷங்கள் இந்நகரில் வாழ்ந்தும், கியூபெக் சமையலின் வாசற்படியைக்கூட மிதிக்காதவர்களாக நிறுத்திவிட்டது என்பது என் அபிப்பிராயம். "எல்லாவற்றிலும் பன்றி போடுவார்களே" என்று சொல்லி விலகிவிடுகிறோம்.

அது பொய்யன்று. இப்பிரதேசத்தின் பிரசித்தமான பட்டாணி சூப்பிலும், மேப்பிள் பாகு சேர்த்து இரவெல்லாம் அடுப்பில் வேகும் வெள்ளை பீன்ஸிலும் உப்பிட்ட பன்றிக் கொழுப்பு சம்பிரதாயமாக இடம்பெறுகிறது. எனினும் இந்த மண்ணின் ஆதி விளைச்சல் எது? 1535-இல் பிரெஞ்சுக் கடலோடி ழாக் கார்த்தியே மாண்ட்ரியால் தீவிலிருந்த ஒஷலாகா என்னும் பூர்வகுடிகளின் ஊரை அடைந்தபோது, அதைச் சுற்றி மக்காச்சோள வயல்கள் பரந்து கிடந்தன. பிற்காலத்தில், உறைபனியில் நாள் முழுதும் மரம் வெட்டிய தொழிலாளரின் முகாம்களில், மாதக்கணக்கில் கெடாதிருப்பதும் தேகத்துக்கு உஷ்ணம் தருவதுமான உப்புப் பன்றி அத்தியாவசியமாயிற்று. பானைக்கு அது தந்தவை உப்பும் கொழுப்பும் கனமும்தாம். அவற்றை வேறு வழியில் கொடுத்துவிட்டால் சூப்புக்கு ஊனம் எதுவும் நேராது.

வழி இந்நாட்டிலேயே இருக்கிறது. செயின்ட் லாரன்ஸ் நதியின் கீழ்க்கரையில் வெங்காயத்தாள், பார்ஸ்லி, காரட் முதலியவற்றைப் பொடியாக நறுக்கி உப்பில் பதப்படுத்தி, 'எர்ப் சாலே' என்ற பெயரில் ஜாடிகளில் அடைத்து வைப்பார்கள். நம் வீட்டு ஊறுகாயைப் போல அதுவும் வருஷம் முழுவதற்குமான சேமிப்பு. 1933-இல் திறக்கப்பட்ட ழான் தலோன் சந்தையில் அதையும், முழு மஞ்சள் பட்டாணியையும், சாரியெட் என்னும் வாசனைத் தழையையும் வாங்கிக்கொள்ளலாம். பட்டாணியை இரவே ஊறவைத்து, மறுநாள் வெண்ணெயில் வெங்காயத்தைப் பொறுமையாக, அடிபிடிக்காமல், பழுப்பேறும்வரை வதக்கி, காரட், செலரி, பிரிஞ்சி இலை சேர்த்து, தோல் பிளந்து பருப்பு தானே குழையும்வரை சிறுதீயில் கொதிக்கவிட வேண்டும். உப்புத் தழையைக் கடைசியில்தான் போட வேண்டும். இல்லாவிடில் உப்பின் அளவு தெரியாமல் போய்விடும். கடுகும் பெருங்காயமும் தாளிக்கக் கை துடிக்கும். தாளித்தால் அது நம் பருப்புக் குழம்பின் உறவாகிவிடும், இந்த ஊரின் சூப்பாக இராது.

நாங்கள் மதாம் என்றழைக்கும் அண்டை வீட்டு மூதாட்டிக்கு ஒரு கிண்ணம் கொடுத்தேன். தவசுக் காலத்திலும் வெள்ளிக்கிழமைகளிலும் திருச்சபை மாமிசத்தை விலக்கியிருந்த நாட்களில், தம் தாயாரும் இப்படித்தான் பன்றியில்லாமல் சமைப்பார் என்றார் அவர். நான் புதிதாகக் கண்டதென்று நினைத்தது அவருக்குப் பழைய வழக்கமாக இருந்ததில் எனக்கு மிகுந்த சந்தோஷம்.

பீன்ஸுக்கும் இதே உபாயம் போதும். பூத்தினில்தான் ஜாக்கிரதை வேண்டும்: உருளைக்கிழங்கு வறுவலும் பாலாடைக் கட்டியும் பார்வைக்குச் சைவமாயிருந்தாலும், மேலே ஊற்றும் பழுப்புக் குழம்பு பெரும்பாலும் இறைச்சிச் சாறு, பாலைத் திரிக்கும் உறைபொருளும் சில இடங்களில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுவது. காளான் குழம்பு உண்டா என்று கூச்சப்படாமல் கேட்கலாம். மார்ச், ஏப்ரல் மாதங்களில், இரவில் உறைந்து பகலில் இளகும் பருவத்தில், மேப்பிள் மரங்களிலிருந்து சாறு இறங்கும். ஏறக்குறைய 40 லிட்டர் சாற்றைக் காய்ச்சினால் 1 லிட்டர் பாகு. அப்போது குடும்பம் குடும்பமாகச் சர்க்கரைக் குடில்களுக்குச் சென்று உண்பார்கள். முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டால் சைவ உணவைத் தனியே சமைத்துத் தரும் குடில்களும் இருக்கின்றன. அங்கே உண்டவற்றை அடுத்த வாரம் விரிவாக எழுதுகிறேன்.