தெளிப்பு ட்ரோன் வாங்குகிறீர்களா? இவற்றைக் கவனியுங்கள்

பவானியில் காலிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் நெல், மஞ்சள், கரும்பு பயிரிடும் விவசாயிகள், மருந்து தெளிக்க ட்ரோன் வாங்குவதாக இருந்தால் முதலில் அது தூக்கும் எடையைப் பாருங்கள்.

எடை: 10 லிட்டர் தொட்டி நிரம்பினால் மருந்துக் கரைசலே சுமார் 10 கிலோ. பேட்டரி, கரைசல் எல்லாம் சேர்த்து 25 கிலோவுக்குள் இருந்தால் ‘சிறிய’ வகை.

மோட்டார்: நான்கில் ஒன்று நின்றாலே ட்ரோன் விழுந்துவிடும். ஆறு இருந்தால் சமாளித்து இறக்க வாய்ப்பு உண்டு.

தானியங்கி முறை: குறித்துக் கொடுத்த ஜிபிஎஸ் பாதையில் ட்ரோன் தானே பறக்கும். தடை உணரும் கருவி இல்லையென்றால் தென்னையும் மின்கம்பியும் அதற்குத் தெரியாது. வரப்பிலிருந்து தள்ளியே பாதை குறியுங்கள். முதலில் வெறும் தண்ணீர் நிரப்பி ஓட்டிப் பாருங்கள்.

சான்று: ட்ரோனுக்கு வகைச் சான்றும், இயக்குபவருக்கு ரிமோட் பைலட் சான்றும் அவசியம். முன்பணம் கொடுக்கும் முன்பே வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் மானியம் பற்றிக் கேளுங்கள்.