புளோரிடா கேட்டர்ஸ் அணியின் தலைசிறந்த குவாட்டர்பேக் யார்?

அமெரிக்கக் கால்பந்தில் தாக்குதலை நடத்தும் வீரர் குவாட்டர்பேக் எனப்படுகிறார். பந்தைத் தொலைவில் நிற்கும் தோழருக்கு எறிவதா, அருகிலிருப்பவரிடம் கொடுப்பதா, தானே ஏந்தி ஓடுவதா என்பதை அவர் சில நொடிகளில் முடிவு செய்ய வேண்டும். எனவே வெற்றியின் புகழும் தோல்வியின் பழியும் பெரும்பாலும் அவரையே சேர்கின்றன. புளோரிடா பல்கலைக்கழகத்தின் கேட்டர்ஸ் அணியில் இப்பொறுப்பை வகித்த மூவர், கல்லூரிக் கால்பந்தின் உயரிய தனிநபர் விருதான ஹைஸ்மன் கோப்பையைப் பெற்றுள்ளனர். கெயின்ஸ்வில் நகரிலுள்ள அணியின் அரங்குக்கு வெளியே 2011-இல் மூவருக்கும் சிலைகள் திறக்கப்பட்டன. இவர்களுள் சிறந்தவர் யார் என்பது ரசிகர்களிடையே முடிவுறாத விவாதமாகும்.

ஸ்டீவ் ஸ்பரியர்

1964 முதல் 1966 வரை ஆடினார். 1966-இல் ஆபர்ன் அணிக்கு எதிரான ஆட்டம் 27-27 எனச் சமநிலையில் இருந்தபோது, வழக்கமாக உதைப்பவருக்குப் பதிலாகத் தாமே 40 கெஜத்திலிருந்து பந்தை உதைத்து வெற்றி தேடித்தந்தார். அவ்வாண்டே ஹைஸ்மன் கோப்பையும் பெற்றார்.

டேனி வர்ஃபெல்

1993 முதல் 1996 வரை ஆடினார். அவர் எறிந்த பந்துகள் 114 முறை டச்டவுனாக முடிந்தன. அதாவது, எதிரணியின் எல்லைக் கோட்டைக் கடந்து புள்ளி ஈட்டின. 1996-இல் ஹைஸ்மன் கோப்பையுடன், அணியின் முதல் தேசியப் பட்டத்தையும் வென்றார். அப்போது அவருடைய பயிற்றுநர் ஸ்பரியர்தாம்.

டிம் டீபோ

2006 முதல் 2009 வரை ஆடினார். 2007-இல் எறிந்து 32 டச்டவுன்களும் ஓடி 23 டச்டவுன்களும் எடுத்தார். இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் ஹைஸ்மன் கோப்பை பெற்றது அதுவே முதன்முறை. 2006, 2008 ஆகிய ஆண்டுகளில் தேசியப் பட்டம் வென்ற அணிகளில் அவர் இருந்தார்.

ஒப்பீட்டிலுள்ள சிக்கல்

எண்ணிக்கை மட்டும் போதுமானால் ஸ்பரியர் பின்தங்குவார். ஆனால் 1972-க்கு முன் முதலாண்டு மாணவர்கள் முதன்மை அணியில் ஆட முடியாது. ஆகையால் அவருக்குக் கிடைத்தவை மூன்று பருவங்களே. அக்காலத்தில் பந்தை எறிவதைவிட ஏந்தி ஓடுவதே மிகுதி. பட்டங்களை எண்ணினால் டீபோ முந்துவார். எனினும் 2006-இல் அணியின் முதன்மைக் குவாட்டர்பேக் கிறிஸ் லீக். டீபோ மாற்று வீரராகவே அவ்வப்போது களமிறங்கினார். எறிந்து கடந்த மொத்தத் தொலைவில் லீக் 11,213 கெஜங்களுடன் வர்ஃபெலையும் டீபோவையும் விஞ்சுகிறார். ஆயினும் ஹைஸ்மன் கோப்பை பெறாததால் அவருக்குச் சிலை இல்லை.

எறிதிறனை அளவுகோலாகக் கொண்டால் வர்ஃபெலும், எறிதல், ஓட்டம் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் டீபோவும் முன்னிற்பர். வீரராகவும் பயிற்றுநராகவும் அணிக்கு ஆற்றிய பணி முழுவதையும் கருதினால் ஸ்பரியருக்கு நிகரில்லை. ஆகவே எந்த அளவுகோல் என்பதை முதலில் வரையறுத்துக்கொண்டால்தான் இவ்விவாதத்தில் விடை காண இயலும்.