போல்ட் தாங்கும், அங்கிள் தாங்குமா?

குருநாகலிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் வீதியில், கலேவெல ஊடாக இரவும் பகலும் லொறிகள் ஓடுகின்றன. தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்துக்கு மரக்கறி ஏற்றிப் போகும் ஒரு லொறியின் எஞ்சின் பழுதாகிவிட்டது என்று வையுங்கள். கராஜில் அதை வெளியே தூக்க வேண்டும். மேலே உள்ள இரும்பு உத்தரத்தில் எல் வடிவ அங்கிள் இரும்பு ஒன்றைப் போல்ட் போட்டு இறுக்கி, அதில் செயின் புளொக்கைக் கொளுவுகிறார்கள். ஒரு தொன் எடை அந்தரத்தில் தொங்கப் போகிறது. அதாவது, ஏறக்குறைய 10,000 நியூற்றன் விசை கீழ்நோக்கி இழுக்கும்.

இந்த இணைப்பு தாங்குமா? தூக்கிப் பார்த்து அறியக் கூடாது. தூக்குவதற்கு முன் கணக்கிட்டு அறிய வேண்டும்.

முதலில் போல்டைப் பார்ப்போம். பல உருக்கு போல்டுகளின் தலையில் 8.8 என்று பொறித்திருக்கும். முதல் 8ஐ 100ஆல் பெருக்குங்கள்: 800. ஒவ்வொரு சதுர மில்லிமீற்றருக்கும் 800 நியூற்றன் வரை இழுத்தால்தான் அந்த உருக்கு அறும். புள்ளிக்குப் பின் வரும் 8, அந்த 800இல் பத்தில் எட்டுப் பங்கு, அதாவது 640. அதைத் தாண்டினால் போல்ட் நிரந்தரமாக நீண்டுவிடும். ஒரு சதுர மில்லிமீற்றர் எவ்வளவு விசையைச் சுமக்கிறது என்பதைத்தான் தகைப்பு என்கிறோம். விசையைப் பரப்பளவால் வகுத்தால் தகைப்பு கிடைக்கும்.

நமது போல்டின் விட்டம் 12 மில்லிமீற்றர். மரை வெட்டிய இடத்தில் அது மெலிந்திருப்பதால், இழுவையைச் சுமக்கும் பரப்பளவு 84.3 சதுர மில்லிமீற்றர் மட்டுமே. 84.3ஐ 640ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 54,000 நியூற்றன். மின்னேரியாவில் நாம் பார்க்கும் பெரிய ஆண் யானை ஒன்றைத் தொங்கவிட்டாலும் தாங்கும் வலிமை அது!

அப்படியானால் 10,000 நியூற்றன் ஒரு பொருட்டா? அவசரப்படாதீர்கள். போல்ட் இருக்கும் இடமும், செயின் இழுக்கும் இடமும் ஒரே நேர்கோட்டில் இல்லை. செயின், போல்டிலிருந்து 30 மில்லிமீற்றர் தள்ளி இழுக்கிறது. அங்கிளின் மறுமுனை, போல்டுக்கு அப்பால் 60 மில்லிமீற்றரில், உத்தரத்தை முட்டித் தள்ளுகிறது. அங்கிள் ஒரு நெம்புகோலாகிவிட்டது. மறுமுனையிலிருந்து செயினுக்குள்ள தூரம் 60 + 30 = 90 மில்லிமீற்றர். ஆகவே போல்ட் தாங்கும் விசை 10,000 × 90 ÷ 60, அதாவது 15,000 நியூற்றன். ஒன்றரை மடங்கு! இதை 84.3ஆல் வகுத்தால் தகைப்பு 178. எல்லை 640. போல்ட் பிழைத்தது.

இனி அங்கிள். அதன் அகலம் 40, தடிப்பு 6 மில்லிமீற்றர். அது சாதாரண மென்னுருக்கு. சதுர மில்லிமீற்றருக்கு 250 நியூற்றன் அளவில் நிரந்தரமாக வளையத் தொடங்கும். போல்டுத் தலையின் ஓரத்திலிருந்து செயினின் கோடு 20 மில்லிமீற்றர் தூரம். விசையைத் தூரத்தால் பெருக்கினால் வளைக்கும் திருப்பம் கிடைக்கும்: 10,000 × 20 = 200,000. வளைவை எதிர்க்கும் அளவைக் காண, அகலத்தைத் தடிப்பால் இரண்டு முறை பெருக்கி 6ஆல் வகுக்க வேண்டும்: 40 × 6 × 6 ÷ 6 = 240. இப்போது திருப்பத்தை இதனால் வகுத்தால் தகைப்பு: 200,000 ÷ 240. விடை 833! எல்லையோ 250.

யானையைத் தாங்கும் போல்ட் அசையாமல் இருக்க, அங்கிள் வளைந்து எஞ்சினைக் கீழே போட்டுவிடும்.

தடிப்பை இரட்டித்து 12 ஆக்கினால் தகைப்பு நான்கில் ஒன்றாகி 208க்கு இறங்கும். 250க்குள் வந்தாலும் இது போதாது. செயின் ஒருமுறை குலுங்கினாலே விசை கூடிவிடும். 16 மில்லிமீற்றர் தடிப்பென்றால் 117. பொறியியலாளர்கள் இப்படித்தான் எல்லைக்கு மிகக் கீழே நிற்பார்கள்.

இந்தக் கணக்கைச் சரியாகப் போடாததால் உயிர்கள் போயிருக்கின்றன. அமெரிக்காவின் கன்சாஸ் நகரில் ஹயாட் ரீஜன்சி என்ற ஹோட்டலின் பெரிய மண்டபத்தில், கூரையிலிருந்து உருக்குக் கம்பிகளால் தொங்கவிட்ட நடைபாலங்கள் இருந்தன. அவற்றில் இரண்டு, ஒன்றின் கீழ் ஒன்றாக அமைந்தவை. முதல் வரைபடத்தில், ஒரே நீண்ட கம்பி மேல் பாலத்தைத் துளைத்துக் கீழ்ப் பாலம் வரை போனது. கட்டும்போது அதை இரண்டு கம்பிகளாக மாற்றினார்கள். கீழ்ப் பாலம் மேல் பாலத்திலிருந்து தொங்கியது. அதனால் மேல் பாலத்தைத் தாங்கிய நட்டுகள் இரு பாலங்களின் சுமையையும் சுமந்தன. 1981 ஜூலை 17 அன்று மேல் பாலத்தின் பெட்டி வடிவ உத்தரம் நட்டைச் சுற்றிக் கிழிந்தது. 114 பேர் இறந்தார்கள். கம்பிகள் அறவில்லை, கம்பி போன துளையைச் சுற்றியிருந்த உருக்குத்தான் தோற்றது. முதல் வரைபடமும் சட்டம் கேட்ட வலிமையில் ஏறக்குறைய 60 சதவீதமே கொண்டிருந்தது என்று விசாரணை காட்டியது.

ஆகவே, ஓர் இணைப்பைப் பார்த்தால் விசை போகும் பாதையைத் தொடர்ந்து போங்கள். செயினிலிருந்து அங்கிளுக்கு, அங்கிளிலிருந்து போல்டுக்கு, போல்டிலிருந்து உத்தரத்துக்கு. ஒவ்வோர் இடத்திலும் நின்று தகைப்பைக் கேளுங்கள். ஓரிடம் தோற்றாலும் முழு இணைப்பும் தோற்றுவிடும். தூக்கிய பாரத்துக்குக் கீழே மட்டும் எப்போதும் நிற்காதீர்கள்.

செய்து பாருங்கள்: மெல்லிய அட்டையில் சிறு துளை போட்டு, உறுதியான நூலொன்றை அதில் கோத்து, மேல் பக்கத்தில் கடலையளவு முடிச்சுப் போடுங்கள். அட்டையை இரண்டு கதிரைகளுக்கு இடையே பாலமாக வையுங்கள். நூலின் கீழ் முனையில் ஒரு போத்தலைக் கட்டி, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். நூல் அறுகிறதா, அட்டை கிழிகிறதா? அடுத்து, முடிச்சுக்கும் அட்டைக்கும் இடையே ஒரு சட்டைப் பொத்தானை வையுங்கள். இப்போது எவ்வளவு தண்ணீர் தாங்குகிறது? நட்டுக்கு அடியில் போடும் வாஷரைப் போலத்தான் இந்தப் பொத்தானும்; அதன் வேலை உங்களுக்கே விளங்கும்.

கணக்குப் போடுங்கள்: அங்கிளின் தடிப்பு 6 மில்லிமீற்றராகவே இருக்கட்டும். போல்டை நெருக்கி, அந்த 20 மில்லிமீற்றர் தூரத்தை 10 ஆக்கினால் தகைப்பு என்ன? 250க்குள் வருமா? தூரத்தைப் பாதியாக்குவதா, தடிப்பை இரட்டிப்பதா, எது கூடுதலாக உதவும்?