தலையில் வைத்துச் சூடாக்காதீர்கள்

தவக்காலத்தில் பாடுகளின் நாடகம், பாடசாலையில் தமிழ்த் தினப் போட்டி, கோயிலடியில் கூத்து என்று தீவகத்தில் யாருக்காவது ஒரு முடியோ மார்க்கவசமோ எப்போதும் தேவைப்படும். காட்போட்டும் மாப்பசையும் சரிகைத்தாளும் செய்துவந்த வேலையைச் சூட்டில் விறைக்கும் துணி சுலபமாக்கிவிடுகிறது. வெளிநாட்டு உறவுக்குச் சொன்னால் பெட்டியில் வந்துவிடும். ஆனால் அதைப் பாவிக்கும் முறையைச் சொல்லித்தர ஆள் கூட வருவதில்லை.

இது பொலியெஸ்டர் இழைத் துணி. அதிலுள்ள சில இழைகளின் வெளித்தோல் ஏறக்குறைய 110 பாகை செல்சியஸில் இளகிப் பக்கத்து இழையோடு ஒட்டிக்கொள்ளும். உள்தண்டு உருக 250 பாகையளவு வேண்டும். ஆறியதும் துணி ஓடு போல விறைத்துவிடும். 30 சதவீதம் வரை சுருங்கும் வகைகளும் உண்டு.

ஆக, வேலைக்கு வேண்டியது ஸ்திரிக்கைப்பெட்டியின் ஆவிதான். பலர் வாங்குவதோ பெயின்ற் உரிக்கும் சூட்டுக்காற்றுத் துப்பாக்கி. அதன் வாயில் 500 பாகையையும் தாண்டும். துணி கருகிப் புகையும். அச்சாக வைத்த ரெஜிபோம் தலை உருகி நச்சுவாயு விடும். பக்கத்தில் திறந்த ஒட்டுப்பசை டின் இருந்தால் தீயே பிடிக்கலாம். 2,000 வாட் வரை இழுக்கும் அந்தக் கருவியைப் பழைய நீட்டிப்பு வயரில் கொழுவுவது வேறொரு வில்லங்கம்.

எல்லாவற்றிலும் மோசமானது, அளவு சரிவர வேண்டும் என்று பிள்ளையின் தலையிலேயே துணியை வைத்து ஆவி பிடிப்பது. 60 பாகை வெந்நீரே சில விநாடிகளில் தோலைச் சுட்டுவிடும். இதுவோ அதைவிடச் சூடானது, போதாததற்குச் சுருங்கி இறுகவும் செய்யும். தலையின் சுற்றளவை நாடாவால் எடுத்து, பானையிலோ மண் அச்சிலோ வைத்துச் செய்யுங்கள். செய்து முடித்த முடியைப் பந்தத்துக்கும் மெழுகுதிரிக்கும் கிட்டக் கொண்டுபோகவும் வேண்டாம். பொலியெஸ்டர் உருகிச் சொட்டும்.

சுட்டுவிட்டால் 20 நிமிடம் குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பற்பசை, ஐஸ், எண்ணெய் ஒன்றும் வேண்டாம். தோலில் ஒட்டிய துணியைப் பிய்க்கக் கூடாது. நெடுந்தீவில் நல்ல தண்ணீர் அருமை என்பதால், வேலை தொடங்குமுன்பே வாளியிலும் குடத்திலும் நிரப்பி வையுங்கள். ஊர்காவற்றுறைக்காரருக்குத் தரைவழி உண்டு, 1990ஐ அழைத்தால் அம்புலன்ஸ் வரும். நயினாதீவிலும் நெடுந்தீவிலும் இருந்து யாழ்ப்பாணம் போக, முதலில் கடல் தாண்டிக் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வர வேண்டும். நெடுந்தீவிலிருந்து அதற்கே ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். அதனால் காயம் சிறிதாகத் தெரிந்தாலும் முகம், கை, மூட்டு என்றால் தீவிலுள்ள வைத்தியசாலைக்கு உடனே காட்டுங்கள்.

சூட்டுக் கருவியோ துணியோ உள்ளூர்க் கடையில் வாங்கினால் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, கேட்டால் கடைக்காரர் கொடுத்தே ஆக வேண்டும். பொய்யான தகவல் சொல்லிப் பொருளை விற்பதும் அதே சட்டத்தின்கீழ்க் குற்றம். பழுதான கருவியைத் தலையில் கட்டிவிட்டு மாற்றித்தர மறுத்தால் 1977 என்ற இலக்கத்தில் அதிகாரசபையை அழைக்கலாம். ஆனால் தொலைபேசியில் சொன்னதோடு நின்றுவிடாதீர்கள். முறைப்பாட்டை எழுத்தில், வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தமிழிலேயே எழுதலாம். பற்றுச்சீட்டின் பிரதியையும் கருவியின் படத்தையும் இணைத்து அனுப்புங்கள். மூலத்தை உங்களிடமே வைத்திருங்கள்.